கத்துகிறது, ஆனால் இழுக்கவில்லை: வாக்குவம் கிளீனரில் அடைப்பைத் தேடுவது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகும் வகை வாக்குவம் கிளீனர், வாங்கி மூன்று வருடம். பையைக் காலி செய்தாயிற்று, ஃபில்டரைக் கழுவியாயிற்று. இருந்தும் தரையில் கிடக்கும் அரிசியைக்கூட இழுக்கவில்லை. சத்தம் மட்டும் முன்பைவிடக் கீச்சென்று கேட்கிறது. பத்து நிமிடத்தில் தானாக நின்றுபோகிறது, அரை மணி கழித்துப் போட்டால் திரும்ப ஓடுகிறது. வந்து பார்த்தவர், மோட்டார் போய்விட்டது, மாற்ற 2,800 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: மோட்டாருக்குப் பலம் போய்விட்டதா, அல்லது காற்று வரும் வழி எங்கேயோ அடைபட்டிருக்கிறதா? இதை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு அடைப்பின் மேல்தான் சந்தேகம்.

நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, மிக்ஸி, கிரைண்டர், வாக்குவம் கிளீனர் என்று பத்தொன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். முதலில் ஒரு சர்வீஸ் சென்டரில், அப்புறம் சொந்தக் கடையில். "மோட்டார் வீக்" என்று சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு வந்த வாக்குவம் கிளீனர்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் மோட்டாரைத் தொட்டதே இல்லை. மெஷினிலிருந்து கைப்பிடி வரை போகும் வளையும் குழாயான ஹோஸுக்குள்ளிருந்து எதையாவது உருவிப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கணக்கு எழுதி வைக்கவில்லை, அதனால் நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தச் சத்தம். எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது அதைத்தான். சத்தம் கூடினால் மோட்டார் சிரமப்படுகிறது என்று நினைக்கிறோம். உங்கள் மிக்ஸியை நினைத்துப் பாருங்கள். காலி ஜாரை வைத்துப் போட்டால் கீச்சென்று கத்தும். கெட்டியாக உளுந்து மாவு இருந்தால் குரல் இறங்கி முனகும். சுமை கூடினால் வேகம் குறைகிறது, சுமை இல்லாவிட்டால் வேகம் ஏறுகிறது. வாக்குவம் கிளீனருக்குள் இருப்பதும் மிக்ஸியின் பங்காளி மோட்டார்தான், அதே கார்பன் பிரஷ் வகை, அதாவது சுழலும் பாகத்தில் உரசிக்கொண்டே அதற்குக் கரண்டைக் கொடுக்கும் சின்னக் கரித்துண்டுகள் உள்ள வகை. நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று, முப்பதாயிரம் சுற்று என்று ஓடும். அதற்குச் சுமை எது? காற்று. விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவு வேலை. வழியை அடைத்துவிட்டால் தள்ளுவதற்குக் காற்றே வராது. விசிறி அதே கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு வெறுமனே சுழலும், வேகம் ஏறும், குரலும் ஏறும். நன்றாக இருக்கும் மெஷினின் ஹோஸ் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், உடனே இந்தக் கீச்சுக் குரல் வரும். உங்கள் மெஷின் கை வைக்காமலே அப்படிக் கத்துகிறது என்றால், உள்ளே யாரோ கை வைத்து மூடியிருப்பது மாதிரி ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பத்து நிமிடத்தில் நிற்பதும் இதோடு ஒத்துப்போகிறது. பை வைத்த வீட்டு மெஷின்களில் உள்ளே இழுக்கப்படும் காற்றேதான் மோட்டாரின் மேல் போய் அதைக் குளிர வைக்கிறது. தனியாக விசிறி கிடையாது. காற்று வரத்து நின்றால் மோட்டார் சூடாகும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் தெர்மல் கட்-ஆஃப் கரண்டைத் துண்டித்துவிடும். ஆறினால் திரும்ப இணைக்கும். அது பழுது இல்லை, காவல். ஆனால் இந்தக் காவல் எல்லா மாடலிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மலிவான சிலவற்றில் இருக்காது, அவை நேராக எரிந்துவிடும். அதனால் அடைப்பைக் கண்டுபிடிக்கும்வரை "ஆறவிட்டு ஆறவிட்டு" ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். இப்போது நல்லபடி இருக்கும் மோட்டாரை நிஜமாகவே கெடுக்கும் வழி அதுதான்.

அடுத்த சோதனைக்கு ஒரு கை போதும். மெஷினை ஓடவிட்டு, பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். உள்ளே போகும் காற்றுதான் வெளியே வர முடியும், வேறு கணக்கே இல்லை. பின்னால் காற்று மிகக் குறைவாக வந்து குரலும் கீச்சென்று இருந்தால் அடைப்பு. பின்னால் காற்று தாராளமாக வந்து முன்னால் மட்டும் இழுக்கவில்லை என்றால் அடைப்பு இல்லை, ஓட்டை. மூடி சரியாக அமரவில்லை, மூடியின் ரப்பர் கேஸ்கெட் நழுவியிருக்கிறது, ஹோஸ் கழுத்தில் விரிசல் விட்டிருக்கிறது, இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். கைப்பிடியில் இழுவையைக் குறைக்க ஒரு சின்ன நகரும் மூடி இருக்குமே, அது திறந்து கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். திரைச்சீலையைச் சுத்தம் செய்யும்போது அதைத் திறந்துவிட்டு மறந்துபோய், "இழுக்கவில்லை" என்று ஆட்டோ பிடித்து என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் காசு வாங்க எனக்கு மனம் வராது.

பின்னால் காற்றும் குறைவு, குரலும் இறங்கித் தளர்ந்து கேட்கிறது என்றால்தான் மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் 180 வந்தால் இந்த வகை மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும். காலையில் நன்றாக இழுத்து, இரவில் இழுக்கவில்லை என்றால் மெஷின் மேல் குற்றம் இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் விட்டு விட்டு ஓடும், காற்றுத் துவாரம் வழியாக நீலப்பொறி தெரியும், கருகிய வாடை வரும். பேரிங் போயிருந்தால் கரகரவென்று அரைக்கும் சத்தம் வரும், அதை யாராலும் தப்பாகக் கேட்க முடியாது. இவை எதையும் நீங்கள் சொல்லவில்லை.

சரி, அடைப்பு என்று வைத்துக்கொண்டு தேடுவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும், சோதிக்கும் சில விநாடிகளுக்கு மட்டும் செருகலாம். காற்று வரும் பாதை நீளமானது: தரையில் படும் பிரஷ் தலை, அதன் கழுத்து, நீளமான பைப், கைப்பிடி வளைவு, ஹோஸ், மெஷினின் வாய், பை, மோட்டாருக்கு முன் ஃபில்டர், மோட்டார், வெளியேறும் ஃபில்டர். ஒவ்வொன்றாக ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டியதில்லை. நடுவில் வெட்டுங்கள். ஹோஸை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, மெஷினின் வாயில் நேராக உள்ளங்கையை வையுங்கள். கையைப் பிடித்து இழுத்து, மூடியதும் குரல் ஏறினால் மெஷின் சுகமாக இருக்கிறது, குற்றவாளி வெளியே ஹோஸிலோ பைப்பிலோ இருக்கிறான். அங்கேயே இழுவை இல்லை, குரலும் கீச்சென்றே இருக்கிறது என்றால் அடைப்பு உள்ளே, பையிலோ ஃபில்டரிலோ. இந்த ஒரு சோதனையில் பாதி வேலை முடிந்துவிடும்.

வெளியே என்றால் மெஷினோடு ஹோஸை மட்டும் மாட்டி, கைப்பிடி முனையில் இழுவை பாருங்கள். அப்புறம் பைப்பைச் சேருங்கள். கடைசியில் பிரஷ் தலை. எதைச் சேர்த்ததும் இழுவை விழுகிறதோ அதற்குள்தான் இருக்கிறது. பைப் நேராக இருப்பதால் வெளிச்சத்தில் நீட்டி ஒரு கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். ஹோஸில் அப்படித் தெரியாது. அதற்குக் கோலிக்குண்டு முறை. ஹோஸை இரண்டு பக்கமும் கழற்றி, ஒரு முனையை உயர்த்திப் பிடித்து ஒரு கோலியைப் போடுங்கள். அந்தப் பக்கம் வந்து விழாவிட்டால், ஹோஸை லேசாக ஆட்டுங்கள். கோலி உருளும் சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. கோலி வெளியே வந்துவிட்டது என்பதாலேயே ஹோஸ் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது. ஹோஸின் உள்விட்டம் 32 மில்லிமீட்டரிலிருந்து 35 வரை இருக்கும், கோலி அதில் பாதிதான். பாதி அடைத்திருக்கும் குப்பையின் ஓரமாக அது நழுவி வந்துவிடும். அதற்காகக் கோலியைவிடப் பெரிதாக எதையாவது போட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஒருவர் சின்ன எலுமிச்சம்பழத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடைப்பு ஒன்று இருந்த ஹோஸை இரண்டு அடைப்போடு என்னிடம் கொண்டுவந்தார்.

பாதி அடைப்புக்குத் தனி அடையாளம் உண்டு. நல்ல மெஷினில் ஹோஸ் வழியே விநாடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்று போகும். அந்தக் குழாயின் அளவுக்கு அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம், உள்ளே ஒரு புயல் என்றே சொல்லலாம். அந்த வேகம் இருந்தால்தான் மணலும் அரிசியும் தூக்கிக்கொண்டு போகும். வழி பாதியானால் வேகம் விழுந்துவிடும். முடியும் பஞ்சும் போகும், மணல் மட்டும் பைப்புக்குள் பாதி தூரம் ஏறிவிட்டு, நிறுத்தியதும் கலகலவென்று திரும்ப விழும். நீங்கள் மெஷினை நிறுத்தும்போது பைப்பிலிருந்து மணல் கொட்டுகிறதா என்று கவனியுங்கள். கொட்டினால் பாதி அடைப்பு.

என்னதான் போய் உட்காரும் என்கிறீர்களா? நம் வீடுகளில் முதல் இடம் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குக்குத்தான். ஒரு விரல் நீள ஈர்க்கு தனியாக ஒன்றும் செய்யாது. அது கைப்பிடி வளைவில் குறுக்கே மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு தலைமுடி சுற்றும், முடியின் மேல் மல்லிகைப்பூ கட்டிய வாழைநார், அதன்மேல் சாக்லேட் காகிதம், பஞ்சு. இரண்டு மாதத்தில் ஒரு குருவிக்கூடு தயார். அதனால்தான் "நேற்றுவரை நன்றாக இருந்தது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது நேற்று அடைத்ததே இல்லை, நேற்றுதான் கடைசி ஓட்டை மூடியது. ஹேர்பின்னும் தீக்குச்சியும் இதே வேலையைச் செய்யும். குழந்தையின் சாக்ஸ், பாலித்தீன் கவர் இரண்டும் மட்டும் ஒரே நொடியில் முழுக்க அடைத்துவிடும். அப்போது குரல் சட்டென்று ஏறும், உடனே நிறுத்திவிட்டால் முனையிலேயே கையால் எடுத்துவிடலாம். பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் வளைவும் இணைப்பும்தான்: பிரஷ் தலையின் கழுத்து, நீட்டிச் சுருக்கும் பைப்பின் நடு இணைப்பு, கைப்பிடி வளைவு, ஹோஸ் மெஷினில் நுழையும் முனை. நேர்க்குழாயில் அடைப்பை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

எடுப்பதில் ஒரே ஒரு விதி. வந்த வழியிலேயே திருப்பி அனுப்புங்கள். சாதாரண வீட்டு மெஷின் முழு அடைப்பில் இழுக்கும் அழுத்தம், தண்ணீரை இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அளவு. 35 மில்லிமீட்டர் குழாயை அடைத்த பொருளின் மேல் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2 கிலோ எடை வைத்து அழுத்தியது போல. அப்படி நெருக்கி உட்கார்ந்ததை அதே திசையில் நீங்களும் குத்தினால் இன்னும் இறுகும். அதனால் குச்சியை மெஷின் பக்க முனையிலிருந்து கைப்பிடி பக்கமாகத் தள்ளுங்கள். பைப்புக்குத் துடைப்பக்கட்டையின் மழுங்கிய முனை போதும். ஹோஸுக்குக் கட்டை வளையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் அரை அங்குல ட்யூப் ஒரு துண்டு இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை, வளைந்தும் கொடுக்கும், தள்ளவும் செய்யும். பிளாஸ்டிக் உறை போட்ட திரைச்சீலை ஸ்பிரிங்கும் பரவாயில்லை, கொக்கி முனையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ், கம்பி ஹேங்கர் இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். ஹோஸின் சுவர் மெல்லிய பிளாஸ்டிக். அடைப்பை எடுத்த கையோடு ஓட்டையும் போட்டுக்கொண்டு வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன், அதற்கு டேப் ஒட்டுவது நாலு நாளைக்குத்தான் தாங்கும்.

தள்ளுவதற்கு முன்னால் ஊதிப் பார்க்கலாம். இங்கே விற்கும் பல மாடல்களில் பின்னால் காற்று வெளியேறும் இடத்திலும் ஹோஸை மாட்ட முடியும், புளோயர் என்று சொல்வார்கள். ஹோஸின் அதே முனையை வாயிலிருந்து எடுத்துப் பின்னால் மாட்டினால் காற்று தானாகத் தலைகீழாகப் போகும். மறுமுனையைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு, வாயைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். இடையிடையே ஹோஸை இழுத்து நீட்டி விடுங்கள், மடிப்புகள் விரிந்து பிடி தளரும். உறை இல்லாமல் செய்தால் மூன்று வருடக் குப்பையும் மின்விசிறி வரைக்கும் பறக்கும். கண்ணில் பட்டாலும் ஆபத்து. பாயசம், எண்ணெய் மாதிரி பிசுக்கு எதையாவது இழுத்து அதனால் ஒட்டியிருந்தால், சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவலாம். கழுவிய ஹோஸை இரண்டு முனையும் கீழே தொங்கும்படி கொடியில் ஒரு முழு நாள் போட வேண்டும். கைப்பிடியில் சுவிட்ச் இருந்தால் ஹோஸுக்குள் ஒயர் ஓடுகிறது என்று அர்த்தம், அதைத் தண்ணீரில் முக்கக் கூடாது.

இப்போது உள்ளே அடைப்பு என்ற பக்கம். உங்கள் விஷயத்தில் எனக்கு இதன்மேல்தான் கண். பையைக் காலி செய்தேன் என்கிறீர்கள். துணிப்பை காலியாக இருப்பதும் காற்று விடுவதும் வேறு வேறு. 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், நாற்காலி மெத்தையின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். தூசி கைக்குட்டையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டது, காற்று மட்டும் துணி வழியே வந்தது. இன்றைக்கும் பையும் ஃபில்டரும் அந்தக் கைக்குட்டைதான். துணியின் கண்கள் திறந்திருக்கும்வரை எல்லாம் சரி. பொடித் தூசி கண்களை மூடிவிட்டால், பைக்குள் ஒரு கைப்பிடி குப்பைகூட இல்லாவிட்டாலும் காற்றுக்கு அது சுவர்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. சமீபத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தீர்களா? பட்டி தேய்த்த வெள்ளைப் பொடியை இந்த மெஷினால் இழுத்தீர்களா? என் அனுபவத்தில் ஃபில்டரைக் கொல்வதில் பட்டிப் பொடிக்கு நிகர் எதுவும் இல்லை. சிமென்ட், கோலப்பொடி, விபூதி, முகப்பவுடர் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். மார்கழி முடிந்து, பொங்கல் முடிந்து, வாசல் கோலத்தை இந்த மெஷினால் கூட்டியவர்கள் தை மாதத்தில் வரிசையாக வருவார்கள். இப்படிப் பட்ட துணிப்பையை முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெளியே எடுத்துப் போய், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிச் சுவரில் தட்டுங்கள், மென்மையான பிரஷால் தேயுங்கள். காகிதப் பை என்றால் தட்டித் திரும்பப் போடுவது வீண், புதிது மாற்றுங்கள்.

ஃபில்டரைக் கழுவினேன் என்கிறீர்கள். கழுவி எத்தனை மணி நேரம் காயவைத்தீர்கள்? ஈர ஃபோமும் ஈர மடிப்பு ஃபில்டரும் காற்றை விடவே விடாது. அதோடு வரும் தூசி அதன்மேல் சேறாகப் பூசிக்கொள்ளும், காய்ந்தபின் ஓடு மாதிரி ஆகிவிடும். அப்புறம் கழுவினாலும் போகாது. நிழலில், காற்றோட்டத்தில், குறைந்தது 24 மணி நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள். கையால் தொட்டு ஈரம் தெரியவில்லை என்றால் போதாது, மடிப்பின் அடிவரை காய்ந்திருக்க வேண்டும். மடிப்பு மடிப்பாக, வெள்ளையாக இருக்கும் ஹெப்பா வகை எல்லாவற்றையும் கழுவவும் கூடாது. அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரான் துகளிலும் 100-க்கு 99.97 பங்கைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். அவ்வளவு நுணுக்கமான கண்களைத் தண்ணீரும் கையால் தட்டுவதும் கிழித்துவிடும். கழுவலாம் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தால் வெறும் தண்ணீரில் மட்டும் அலசுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள். பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் இன்னொரு ஃபில்டர் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மூன்று வருடமாக யாரும் திறக்காத ஃபில்டரை எடுத்துக் காட்டினால் வாடிக்கையாளர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

எது குற்றவாளி என்று உறுதிப்படுத்த ஒரு வழி: பின்பக்க ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து விநாடி ஓடவிடுங்கள். குரல் இறங்கி இழுவை வந்தால் அதுதான். வரவில்லை என்றால் அதைப் போட்டுவிட்டு, முன்பக்க ஃபில்டரை எடுத்து அதே ஐந்து விநாடி. புத்தகத்தில் இதைச் செய்யாதே என்றுதான் எழுதியிருக்கும், அது சரியான எச்சரிக்கையும்கூட. ஃபில்டர் இல்லாமல் பெருக்கினால் தூசி நேராக மோட்டாரில் போய் விழும். நாங்கள் இதைச் செய்வது துடைத்த மெஷினில், தரையைத் தொடாமல், மூச்சைப் பிடிக்கும் நேரத்துக்கு மட்டும். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், புது ஃபில்டர் வாங்கிப் போட்டுப் பார்ப்பது எப்படியும் மோட்டாரைவிட மலிவு.

வேறு வகை மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பை இல்லாமல் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தூசியைச் சுழற்றும் வகையில், நடுவில் இருக்கும் சல்லடையில் முடி சுற்றி மூடிக்கொள்ளும். கிண்ணத்தைக் காலி செய்பவர்கள் இந்தச் சல்லடையை விட்டுவிடுகிறார்கள். தண்ணீரும் இழுக்கும் டிரம் வகையில், டிரம் நிறைந்தாலோ மெஷின் சாய்ந்தாலோ உள்ளே இருக்கும் மிதவை மேலே போய் வழியை மூடிவிடும். குரல் சட்டென்று ஏறும். நிறுத்தி, தண்ணீரைக் கொட்டி, மிதவை கீழே விழுந்ததும் சரியாகிவிடும், அது அடைப்பு கணக்கில் வராது. அந்த வகையில் மோட்டாரைக் குளிர வைக்க பெரும்பாலும் தனிக் காற்றுவழி இருப்பதால், அடைப்பு இருந்தாலும் சீக்கிரம் சூடாகி நிற்காது. அதனால் வைத்திருப்பவருக்கு அடைப்பு தெரிவதும் தாமதம். சுழலும் பிரஷ் உள்ள தலை என்றால், அதில் சுற்றிய முடியைத் தையல் பிரிக்கும் சின்னக் கருவியால் நீளவாக்கில் அறுத்து இழுங்கள். தீபாவளிப் பட்டாசுக் குப்பையை எந்த மெஷினிலும் இழுக்காதீர்கள். அதில் வெடிக்காத மருந்து இருக்கும், உள்ளே கார்பன் பிரஷில் பொறி பறக்கிறது. சூடு ஆறாத சாம்பலுக்கும் இதே பேச்சு.

இனி எனக்குச் சந்தேகம் உள்ள இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கீச்சுக் குரல், இழுவை இல்லை, பின்னால் காற்றும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்து, அடைப்பே இல்லாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. மோட்டார் தண்டிலிருந்து விசிறி கழன்று நழுவினால், அல்லது விசிறி உடைந்தால், மோட்டார் சுமையில்லாமல் கத்திக்கொண்டு சுற்றும், காற்று நகராது. அரிது, ஆனால் பார்த்திருக்கிறேன். அதற்கு அடையாளம், பை, ஃபில்டர் எல்லாம் எடுத்த பிறகும், மோட்டாரின் வாயில் நேராகக் கை வைத்தாலும் இழுவை இருக்காது. பெரும்பாலும் உள்ளே எதோ உரசும் சத்தமும் கூடவே வரும். அப்படி இருந்தால் வந்தவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. மாதக்கணக்கில் சூட்டில் ஓடியதால் மோட்டார் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்பதும் திறந்து பார்க்காமல் சொல்லக்கூடியது இல்லை. அடைப்பை எடுத்ததும் குரல் இறங்கி, இருபது நிமிடம் நிற்காமல் ஓடி, கருகிய வாடை வராமல் இருந்தால் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் தயங்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஹோஸ், பைப், பிரஷ் தலை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பத்தில் எட்டுப் பேர் உடலை மட்டும் கொண்டுவந்து வைக்கிறார்கள். கடைக்காரர் தன்னிடம் இருக்கும் ஹோஸை மாட்டிப் பார்ப்பார், நன்றாக இழுக்கும், "ஒன்றும் இல்லை, எடுத்துப் போங்கள்" என்பார். வீட்டுக்கு வந்து பழைய ஹோஸை மாட்டினால் பழைய கதை. இன்னொன்று, மோட்டார் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றி, விசிறி முழுசாக இருந்து, கார்பன் பிரஷும் நீளமாக இருந்தால், அதை எதற்கு மாற்றினீர்கள் என்று அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.